சிரிப்பைச் செதுக்கிய மரக்கட்டைகள்

இன்று டோக்கியோ என வழங்கும் மாநகரின் பழைய பெயர் எடோ. அந்நகரில் 1789ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில், கொய்காவா ஹாருமாச்சி என்னும் புனைபெயர் பூண்ட ஒருவர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் காலமானார். அவர் கலகக்காரர் அல்லர். கத்தியை உருவிக்கொண்டு அரசை எதிர்த்தவரும் அல்லர். சுருகா நாட்டைச் சேர்ந்த ஒரு சிற்றரசரிடம் பல்லாண்டுகள் பொறுப்பான பதவி வகித்த சாமுராய் மரபினர். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் நாட்டின் தலைமை அமைச்சர் அவரை நேரில் வருமாறு பணித்திருந்தார். உடல்நலம் குன்றியிருப்பதாகச் சொல்லி அவர் போகவில்லை. பிறகு சாவுச் செய்திதான் வந்தது. அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்ற பேச்சும் எழுந்தது.

அவர் செய்த குற்றந்தான் என்ன? முப்பதே பக்கங்கள் கொண்ட ஒரு படக்கதைப் புத்தகத்தை எழுதினார். அதைப் படித்த ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வளவே.

வாளேந்திய வீரர்களைத் தன் கைக்குள் வைத்திருந்த ஓர் அரசு, முப்பது பக்கச் சிரிப்புக்கு ஏன் அஞ்சியது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் புத்தகங்களில் நகைச்சுவை வளர்ந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஈயமும் மரமும்

நம் முத்துக்குளித்துறைக் கரையில் பணியாற்றிய தூய பிரான்சிஸ் சவேரியார் 1549ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானின் ககோஷிமாவில் கால் பதித்தார். அவர் வழிவந்த இயேசு சபையார், 1590ஆம் ஆண்டில் ஐரோப்பிய அச்சுப்பொறி ஒன்றை அந்நாட்டுக்குக் கொண்டுசேர்த்தனர். அந்தப் பொறியில் வேத நூல்கள் மட்டும் அச்சாகவில்லை. 1593ஆம் ஆண்டு அமாகுசா தீவில், உரோமை எழுத்துகளில், ஜப்பானியப் பேச்சு மொழியில், ஈசாப்பின் நீதிக்கதைகள் அச்சேறின. குருக்கள் அந்நாட்டு மொழியைக் கற்பதற்கு அந்நூல் துணையாயிற்று.

1614ஆம் ஆண்டு நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் நாடு கடத்தப்பட்டனர், அச்சுப்பொறியும் கடல் கடந்து சென்றது. நெடுங்காலம் நீடித்த வேதகலாபனையில் எண்ணற்றோர் உயிர் நீத்தனர். ஆயினும் ஈசாப்பின் நரியும் காக்கையும் மட்டும் தப்பிப் பிழைத்தன. ஜப்பானிய எழுத்தில் அக்கதைகள் மீண்டும் மீண்டும் வெளிவந்தன. 1659ஆம் ஆண்டில் மரக்கட்டையில் செதுக்கிய படங்களோடு கூடிய பதிப்பும் வந்தது. மனிதரின் மடமையை விலங்கின் மேல் ஏற்றிச் சிரிக்க வைக்கும் கதையில், தடைசெய்ய வேண்டியது எதுவும் இருப்பதாக அதிகாரிகளுக்குத் தோன்றவில்லை போலும்.

அச்சுப்பொறி போனபின் ஜப்பானியர் தனித்தனி எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையைத் தொடர்ந்திருக்கலாம். கொரியாவிலிருந்தும் அம்முறை அவர்களுக்குக் கிடைத்திருந்தது. சில பத்தாண்டுகள் பயன்படுத்தவும் செய்தனர். ஆனால் பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதனைக் கைவிட்டு, பழைய மரக்கட்டைக்கே திரும்பிவிட்டனர். இதைப் பின்னடைவு என்று கருதுவது தவறு. கொடிபோல் ஒன்றோடொன்று பின்னி ஓடும் அவர்களுடைய எழுத்துக்கு மரக்கட்டையே பொருந்தியது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றுண்டு. மரக்கட்டையில் படமும் எழுத்தும் ஒரே பலகையில், ஒரே உளியால் பிறந்தன. ஓடுகிறவனின் காலுக்கிடையில் அவனுடைய கூச்சலை எழுதலாம். சிரிக்கிறவளின் கூந்தலை ஒட்டி அவள் சொல்லும் குறும்பை எழுதலாம். சிரிப்புக்கு இதைவிடத் தகுந்த வீடு ஏது?

செய்முறையும் அறியத்தக்கது. ஓவியர் மெல்லிய தாளில் மையால் வரைவார். செதுக்குபவர் அத்தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையின் மேல் குப்புற ஒட்டி, கோடுகளை மட்டும் மேடாக நிறுத்தி, மற்றவற்றைச் செதுக்கி எடுப்பார். ஓவியரின் மூலப்படம் அதோடு அழிந்துபோகும். அச்சிடுபவர் பலகையில் மை தடவி, காகித மல்பெரி மரப்பட்டையிலிருந்து செய்த தாளை அதன்மேல் பரப்பி, மூங்கில் மடல் பொதிந்த வட்டத் தேய்ப்பானால் தேய்த்து எடுப்பார். ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் ஆகிய மூவருக்கும் பின்னால் முதல் போட்ட பதிப்பாளர் நிற்பார். பலகைகள் அவருடைய சொத்து. அரசு சீற்றங்கொண்டால் முதலில் ஆபத்து வருவதும் அந்தப் பலகைகளுக்கே.

துறவியைச் சிரித்த துறவி

ஜப்பானியக் கேலிச்சித்திரத்தின் மூலத்தைத் தேடுவோர் கியோத்தோ நகரின் கோசான்ஜி மடத்தில் போய் நிற்பர். அங்கே வழிவழியாகக் காக்கப்பட்டு வந்த நான்கு நீண்ட ஓவியச் சுருள்கள் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றுள் புகழ்மிக்க முதற் சுருளில் தவளை முயலை மல்லுக்கு இழுத்துக் கவிழ்க்கிறது. குரங்கொன்று துறவியின் அங்கி அணிந்து முறையாக மந்திரம் ஓதுகிறது. அதன் எதிரே, புத்தர் அமர வேண்டிய பீடத்தில், ஒரு தவளை அமைதியே உருவாக வீற்றிருக்கிறது. விளக்கவுரை ஒரு வரியும் இல்லை, தேவையும் இல்லை.

இச்சுருள்களை வரைந்தவர் 1140ஆம் ஆண்டு மறைந்த தோபா சோஜோ என்ற மூத்த பௌத்தத் துறவி என்பது மரபுவழிச் செய்தி. பலர் கைப்பட வரைந்தவை அவை என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து. யார் வரைந்திருப்பினும், மடத்தைக் கேலி செய்யும் படத்தை ஒரு மடமே எண்ணூறு ஆண்டுகளாகப் பொன்போல் போற்றிக் காத்தது என்பது சிந்திக்கத்தக்கது. இந்தச் சிரிப்பு வெளியிலிருந்து எறியப்பட்ட கல் அன்று; உள்ளிருந்து எழுந்த தன்னறிவு.

அந்தத் துறவியின் பெயரே பின்னர் ஒரு கலை வகைக்கும் பெயராயிற்று. 1720ஆம் ஆண்டை ஒட்டி ஒசாகா நகரில் 'தோபா படங்கள்' என்ற பெயரில் அச்சுப் புத்தகங்கள் வெளிவந்தன. தீக்குச்சி போன்ற கைகால்கள், சிறு கோடாகக் கண், காதளவு நீண்ட வாய். இப்படிப்பட்ட உருவங்கள் அப்பக்கங்களில் ஓடின, வழுக்கின, தாவின. அவற்றில் மன்னர் இல்லை, மாவீரர் இல்லை, அன்றாட வேலையில் அவதிப்படும் நகர மக்களே இருந்தனர். அதே நகரின் நிச்சோசாய் என்பவர் 1780ஆம் ஆண்டில் கபுக்கி நாடக நடிகர்களைச் சில கோடுகளிலேயே கேலியாகப் பிடித்துக் காட்டிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மேடையில் மலைபோல் தோன்றியவர்கள் அவர் தூரிகையில் பொம்மைகளாயினர்.

மஞ்சள் அட்டைக்குள் ஒரு கனவு

ஒசாகாவில் அரும்பிய சிரிப்பு எடோவில்தான் முழுமையாக மலர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் வாழ்ந்த பெருநகரம் அது. அங்கே சிறுவர்க்கான மலிவான படக்கதைகள் சிவப்பு அட்டையோடும், பின்னர் கறுப்பு, பச்சை அட்டைகளோடும் விற்கப்பட்டு வந்தன. 1775ஆம் ஆண்டில் அவற்றின் போக்கை மாற்றியமைத்தது ஒரு புத்தகம். அதை எழுதி வரைந்தவர் நாம் தொடக்கத்தில் சந்தித்த ஹாருமாச்சி. தம் சிற்றரசரின் மாளிகை இருந்த கொய்ஷிகாவா காசுகமாச்சி என்ற இடப்பெயரையே வேடிக்கையாகத் திரித்து அவர் தமக்குப் புனைபெயராக்கிக்கொண்டார். ஓராள் எதைக்கொண்டு சிரிக்கத் தொடங்குகிறார் என்பதை இதுவே காட்டிவிடுகிறது.

'பகட்டு வாத்தியாரின் செல்வக் கனவு' என்று அப்புத்தகத்தின் பெயரை நாம் தமிழாக்கலாம். ஏழை இளைஞன் கின்பெய், பணம் தேடி எடோவுக்குப் புறப்படுகிறான். மெகுரோ என்ற இடத்தில் பசியோடு ஒரு கடையில் அமர்கிறான். அந்த ஊர் தினை உருண்டைக்குப் பேர்போனது. உருண்டை தயாராகும்வரை சற்றே கண்ணயர்கிறான். கனவில் ஒரு பெருஞ்செல்வர் அவனைத் தத்தெடுக்கிறார். பட்டாடை, விருந்து, முகத்துதி பாடும் நண்பர் கூட்டம், கேளிக்கை வீதி என்று பணம் தண்ணீராய் ஓடுகிறது. பணம் கரையக் கரைய நண்பரும் கரைகின்றனர். கடைசியில் வளர்ப்புத் தந்தை அவனை வெறுங்கையோடு விரட்டிவிடுகிறார். அழுதுகொண்டே கண் விழிக்கிறான் கின்பெய். தினை உருண்டை இன்னும் தயாராகவில்லை! வாழ்வின் இன்பமெல்லாம் இவ்வளவுதானா என்று எண்ணி, வந்த வழியே ஊர் திரும்புகிறான்.

சீனத்திலிருந்து வந்து, நோ நாடகத்தில் இடம்பெற்ற பழைய கதைதான் இது. ஹாருமாச்சி அதன்மேல் தம் காலத்து உடையையும் சிகையலங்காரத்தையும் நாகரிகப் பேச்சையும் போர்த்தினார். பழைய ஞானம் புதிய பகட்டைத் தோளில் தட்டிச் சிரித்தது. பெரியவர்களும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினர். அவற்றின் அட்டை நிறத்தால் 'கிபியோஷி', அதாவது 'மஞ்சள் அட்டை' என்ற பெயர் இவ்வகைப் புத்தகங்களுக்கு நிலைத்தது. ஐந்து தாள்களை மடித்துத் தைத்தால் ஒரு சிறு தொகுதி. இரண்டு அல்லது மூன்று தொகுதிகள் சேர்ந்தால் ஒரு கதை. புத்தாண்டுதோறும் புதியவை வெளிவரும். வாங்க இயலாதவர்க்கு, முதுகில் புத்தகக் கட்டைச் சுமந்து வீடுவீடாக வரும் வாடகைப் புத்தகக்காரர் இருந்தார். 1808ஆம் ஆண்டுக் கணக்குப்படி எடோவில் மட்டும் இத்தகையோர் 656 பேர்.

பத்தாண்டுகள் கழித்து, 1785ஆம் ஆண்டில், இவ்வகையின் சிகரம் எனத்தக்க புத்தகம் வந்தது. ஆசிரியர் சாந்தோ கியோதென். படம் வரைந்தவரும் அவரே. எடோவின் விலாங்கு மீன் வாட்டலையும் காதல் சபலத்தையும் பிணைத்த சிலேடைத் தலைப்பு அதற்கு. கதைத்தலைவன் எஞ்ஜிரோ செல்வர் வீட்டு ஒரே பிள்ளை, சப்பை மூக்கன். காதல் நாயகன் என்று ஊரில் பெயரெடுக்க வேண்டும் என்பதே அவனது பேராசை. இல்லாத காதலியர் பெயர்களைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறான். தனக்காக ஏங்கித் தன் வீட்டு வாசலில் வந்து அழும்படி ஒரு பெண்ணுக்குக் கூலி கொடுக்கிறான். அச்செய்தியை அச்சடித்துத் தெருவெல்லாம் விற்க ஆள் அமர்த்துகிறான். இலவசமாகக் கொடுத்தும் வாங்குவார் இல்லை. பொறாமை கொண்டோர் தன்னை அடித்தார்கள் என்ற பெருமைக்காகக் காசு கொடுத்து அடி வாங்குகிறான். பெற்றோரிடம் கெஞ்சி எழுபத்தைந்து நாள்களுக்கு மட்டும் வீட்டைவிட்டு விலக்கிவைக்கச் செய்கிறான். கடைசியில் உகினா என்ற பெண்ணை விலை கொடுத்து மீட்டு, அவளோடு பொய்யாக உயிர்விடும் நாடகத்துக்கு ஏற்பாடு செய்கிறான். இடையில் கொள்ளையர் பாய்ந்து இருவர் ஆடையையும் பறித்துக்கொள்கின்றனர். நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினால், அந்தக் கொள்ளையர் வேறு யாருமல்லர். மகனைத் திருத்த வேடமிட்டு வந்த தந்தையும் கடைக் கணக்கருமே.

எழுதியவர் இக்கதையை எங்கோ உயரத்தில் நின்று எழுதவில்லை. எஞ்ஜிரோவின் சப்பை மூக்கைப் பின்னர்த் தம் சொந்த உருவத்துக்கே மாட்டி வரைந்துகொண்டார். 'கியோதென் மூக்கு' என்றே அதற்குப் பெயர் வந்தது. தற்பெருமைக்காரனை 'எஞ்ஜிரோ' என்று அழைப்பதும் வழக்கமாயிற்று. விளம்பரமே வாழ்வாகிப்போன நம் நாளில், கூலி கொடுத்துப் புகழ் தேடும் அந்தச் சப்பை மூக்கனை அடையாளம் காண நமக்கு யாரும் உதவ வேண்டியதில்லை.

சல்லடையும் காற்றாடியும்

இதற்கிடையில் நாட்டின் நிலை மோசமாகிக்கொண்டே வந்தது. 1783ஆம் ஆண்டில் அசாமா எரிமலை வெடித்தது. தொடர்ந்த பஞ்சத்தில் பல்லாயிரக் கணக்கானோர் மாண்டனர். 1787ஆம் ஆண்டில் எடோவில் அரிசிக் கடைகள் சூறையாடப்பட்டன. அவ்வாண்டே மட்சுதைரா சதனோபு என்ற இளம் பிரபு தலைமை அமைச்சரானார். பஞ்சக் காலத்தில் தம் ஆட்சிப் பகுதி மக்களைக் காத்தவர் என்ற நற்பெயர் அவருக்கு உண்டு. அவர் கொடுங்கோலர் அல்லர், கடமை தவறாதவர். சிக்கனம், ஒழுக்கம், கல்வியும் வீரமும் என்பனவே அவருடைய முழக்கம். சோம்பிக் கிடந்த சாமுராய்கள் திடீரென்று புத்தகத்தையும் வாளையும் தேடி ஓடினர். சிரிப்பாளர்க்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1788ஆம் ஆண்டுப் புத்தாண்டுக்கு ஹோசெய்தோ கிசான்ஜியின் மஞ்சள் அட்டைப் புத்தகம் வந்தது. இவரும் சாமுராய், அகிதா சிற்றரசின் எடோ அலுவலர், ஹாருமாச்சியின் நெருங்கிய நண்பர். புத்தகத்தின் பெயரிலேயே தானியம் சலிக்கும் சல்லடை ஒளிந்திருந்தது. ஆறு நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட ஆட்சியில் நடப்பதாகக் கதை. கல்வியாளர் யார், வீரர் யார் என்று பிரித்தறிய சாமுராய்கள் பியுஜி மலைக் குகைக்கு அனுப்பப்படுகின்றனர். சலித்துப் பார்த்தால் இரண்டிலும் சேராத வெற்றாட்களே மிகுதி! பழங்கதைதானே என்று சொல்லித் தப்பலாம். ஆனால் சலிக்கும் அமைச்சரின் ஆடையில் ஓவியர் ஒரு பூ முத்திரையை வரைந்திருந்தார். அது சதனோபுவின் குடும்ப முத்திரை.

அடுத்த ஆண்டு ஹாருமாச்சி தம் நண்பருக்கு மறுமொழி கூறுவதுபோல் இன்னொரு புத்தகத்தை எழுதினார். சதனோபு எழுதிய அறிவுரை நூலின் பெயரில் கிளி இருந்தது. ஹாருமாச்சியின் தலைப்பிலும் கிளி வந்து அமர்ந்தது. கதையில் வீரத்தை வளர்க்கச் சொன்னால் சாமுராய்கள் தெருவெல்லாம் வாள் சுழற்றி ஊரை அலைக்கழிக்கின்றனர். சரி, கல்வியை வளர்க்கலாம் என்று நூலைக் கொடுத்தால், நாட்டை ஆள்வது காற்றாடி விடுவதைப் போன்றது என்று தப்பாகப் புரிந்துகொண்டு, எல்லாரும் காற்றாடி விடப் போய்விடுகின்றனர். மேலிருந்து வரும் நல்ல கட்டளை, சிந்திக்காத கீழ்ப்படிதலின் கையில் என்னாகும் என்பதை இதைவிடக் கூர்மையாகச் சொல்ல இயலாது. எள்ளப்பட்டது அமைச்சர் மட்டுமல்லர். ஹாருமாச்சியின் சொந்த இனமும் அதில் அடக்கம். அவரும் ஒரு சாமுராய் அன்றோ?

பின் நடந்ததைத் தொடக்கத்திலேயே கண்டோம். கிசான்ஜி தம் சிற்றரசரின் கட்டளைப்படி இவ்வகைப் புத்தகம் எழுதுவதையே நிறுத்தினார். 1790ஆம் ஆண்டு ஆணை ஒன்று பிறந்தது: பழங்காலக் கதை என்ற போர்வையில் இக்காலச் செய்திகளை எழுதுவது குற்றம். வெளியீடுகளைத் தணிக்கை செய்து முத்திரையிடும் முறையும் வந்தது. 1791ஆம் ஆண்டில், கேளிக்கை வீதியைப் பற்றி எழுதிய மூன்று நூல்களுக்காகக் கியோதென் ஐம்பது நாள் கைவிலங்கோடு வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. அவருடைய பதிப்பாளர் த்சுதாயா ஜூசாபுரோவின் சொத்தில் பாதி பறிபோனதாகக் கூறுவர்.

கயிறு இழுக்கும் ஆவிகள்

நெருக்கடியின் நடுவிலும் சிரிப்பு வேறு வழி தேடிற்று. 1790ஆம் ஆண்டுப் புத்தாண்டில் கியோதென் எழுதிய ஒரு புத்தகம் பெருவெற்றி கண்டது. படம் வரைந்தவர் கிதாவோ மசாயோஷி. நகர மக்களிடையே அன்று பரவியிருந்த 'உள்ளக் கல்வி' என்ற அறநெறி இயக்கத்தை அது வேடிக்கையாகவும், அதே வேளையில் உண்மையாகவும் எடுத்துக்கொண்டது. வணிகர் மகன் ரிதாரோவின் உள்ளே நல்ல ஆவியும் தீய ஆவியும் குடியேறுகின்றன. ஆவியை எப்படி வரைவது? குட்டி மனித உடல், வட்டமான தலை. முகத்துக்குப் பதிலாக 'நன்மை' அல்லது 'தீமை' என்ற ஓரெழுத்து. ஒரு படத்தில் இரு பக்கமும் நின்று இவை ரிதாரோவின் கைகளைப் பிடித்து இழுக்கின்றன. நல்லாவி கொல்லப்படுகிறது, அவன் திருடனாகிறான், இறுதியில் ஒரு சான்றோரால் திருந்துகிறான், நல்லாவியின் பிள்ளைகள் பழி தீர்க்கின்றனர்.

மனச்சான்றின் போராட்டத்தைக் கனமான சொற்களில் கேட்டுப் பழகிய நமக்கு, அதை இரு குட்டி உருவங்களின் கயிறிழுப்பாகக் காணும்போது முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த வட்டத்தலையர் இன்றும் ஜப்பானிய மொழியில் உயிர்வாழ்கின்றனர். குருதியிலுள்ள நல்ல கொழுப்பையும் கெட்ட கொழுப்பையும் அந்நாட்டு மருத்துவர்கள் அந்த நல்லாவி, தீயாவிப் பெயர்களாலேயே குறிப்பிடுகின்றனர்.

1814ஆம் ஆண்டில் நகோயா நகரப் பதிப்பாளர் ஒருவர் ஹொக்குசாயின் 'மங்கா' என்ற ஓவியத் தொகுதியை வெளியிடத் தொடங்கினார். இன்று படக்கதையைக் குறிக்கும் அச்சொல் அன்று மனம்போன போக்கில் வரைந்த படங்களையே குறித்தது. ஓவியர் மறைந்த பின்னும் தொடர்ந்து, 1878ஆம் ஆண்டில் பதினைந்தாம் தொகுதியோடு அது நிறைவுற்றது. பருமனானோர் குளிப்பதும், ஒல்லியானோர் உழைப்பதும், முகத்தைக் கோணலாக்கி விளையாடுவோரும் அதன் பக்கங்களை நிறைக்கின்றனர். 1834ஆம் ஆண்டு வெளிவந்த பன்னிரண்டாம் தொகுதியில் ஒரு படம்: இரு வாளுக்குரிய சாமுராய் ஒருவர் கழிப்பிடத்துக்குள் அமர்ந்திருக்கிறார், வெளியே காத்திருக்கும் பணியாளர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருக்கின்றனர். எந்த அமைச்சரின் பெயரும் இல்லை. எந்த முத்திரையும் இல்லை. இருந்தும் பிறப்பால் வந்த பெருமையெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் ஆவியாகிப்போகிறது.

சிரிப்பு காணாத முகங்கள்

இவ்வளவும் சொன்னபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இந்தச் சிரிப்புக்கு ஒரு நிழலும் உண்டு. கின்பெய் பணத்தைக் கரைத்ததும், எஞ்ஜிரோ உகினாவை விலை கொடுத்து மீட்டதும் யோஷிவாரா போன்ற கேளிக்கை வீதிகளில்தான். அங்கிருந்த பெண்கள் பெரும்பாலும் வறுமையில் வாடிய பெற்றோரால் சிறு வயதிலேயே ஒப்பந்தத்தின் பேரில் விற்கப்பட்டவர்கள். மஞ்சள் அட்டைப் புத்தகங்களில் அவர்கள் அழகாக உடுத்தி அறிவாகப் பேசுகின்றனர். அவர்கள் கண்ணீர் மட்டும் அரிதாகவே அச்சாகிறது. தனக்கு விருப்பமில்லாத பொய்ச் சாவு நாடகத்தில் இழுத்துவரப்பட்டு, ஆடையிழந்து இரவில் நடந்த உகினாவைப் பார்த்தும் வாசகர் சிரித்தனர். கியோதென் தாம் மணந்த இருவரையுமே, அந்த வீதியிலிருந்து வெளிவந்த பெண்களாகத் தேர்ந்துகொண்டார். அந்த வாழ்வை அவர் அறியாதவர் அல்லர். ஆயினும் நூல் எழுதும் மரபு அவரை அந்த எல்லையோடு நிறுத்திவிட்டது.

பார்வையற்றோரும் உடற்குறை உடையோரும் இப்பக்கங்களில் கேலிக்கு ஆளாயினர் என்பதும் உண்மை. ஆக, சிரிப்பில் இரு வகை உண்டு என்பதை இதே மரக்கட்டைகள் நமக்குக் காட்டுகின்றன. ஒன்று, சிரிப்பவர் தம்மையும் அதில் சேர்த்துக்கொண்டு, தமக்கு மேலிருப்பவரை நோக்கிச் சிரிப்பது. மற்றொன்று, தமக்குக் கீழே கிடப்பவரை மிதித்துச் சிரிப்பது. முன்னதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பின்னதற்கு எந்த அரசும் விலங்கு பூட்டவில்லை.

செதுக்கித் தள்ளிய பலகைகள்

அரை நூற்றாண்டுக்குப் பின் கதை மீண்டும் நடந்தது. 1841ஆம் ஆண்டில் மிசுனோ ததகுனி என்ற அமைச்சர் மேலும் கடுமையான சீர்திருத்தங்களைத் தொடங்கினார். நடிகர், கேளிக்கை மகளிர் படங்கள் தடைசெய்யப்பட்டன. 1843ஆம் ஆண்டில் ஓவியர் குனியோஷி மூன்று தாள்களில் ஒரு படத்தை வெளியிட்டார். பழங்காலப் படைத்தலைவர் ஒருவர் நோயுற்றுத் தூங்குகிறார். காவலர்கள் கவனமின்றி இருக்கின்றனர். பின்னணி இருளில் விதவிதமான பேய்க்கூட்டம் திரண்டு வருகிறது. தூங்குபவர் ஷோகுன் என்றும், காவலருள் ஒருவர் மிசுனோ என்றும், பேய்கள் ஆணைகளால் பிழைப்பிழந்த மக்கள் என்றும் ஊர் பேசத் தொடங்கியது. அஞ்சிய பதிப்பாளர் படங்களைத் திரும்பப் பெற்று, பலகையின் முகத்தைச் சீவித் தள்ளினார். எனினும் அதற்குள் விற்றுப்போன தாள்கள் வீடுகளில் பத்திரமாயின. மிசுனோ அதே ஆண்டில் பதவி இழந்தார்.

1862ஆம் ஆண்டில் யோக்கஹாமா துறைமுகத்தில் ஆங்கிலேயர் ஒருவர் தம் நாட்டுப் பாணியில் கேலி இதழ் ஒன்றைத் தொடங்கினார். அதுவும் மரக்கட்டையில்தான் அச்சானது. 1868ஆம் ஆண்டில் ஷோகுன் ஆட்சி முடிந்தது. அடுத்து வந்த ஈய எழுத்துகளின் வெள்ளத்தில் மஞ்சள் அட்டைகளின் மரபு மெல்ல அடங்கியது. ஆனால் படமும் பேச்சும் ஒரே பக்கத்தில் கைகோக்கும் பழக்கம் ஜப்பானியர் கையைவிட்டு அகலவேயில்லை.

முடிக்குமுன், ஒரு சிறு நிகழ்ச்சி. பதவியிலிருந்து 1793ஆம் ஆண்டில் விலகிய சதனோபு, 1805ஆம் ஆண்டை ஒட்டி ஓர் ஓவியச் சுருள் வரிசையைச் செய்யப் பணித்தார். தச்சர், கொல்லர், வணிகர், தெருவோர வேலையாட்கள் என எடோவின் உழைப்பாளர் அனைவரையும் உயிரோட்டமாகவும் சற்றே வேடிக்கையாகவும் காட்டும் சுருள்கள் அவை. படம் வரையத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் குவகதா கெய்சாய். அன்று நல்லாவியையும் தீயாவியையும் வரைந்த மசாயோஷிதான் பெயர் மாறியிருந்தார். படங்களுக்குச் சொற்கள் எழுதிய மூவருள் இருவர் யார் தெரியுமா? எழுதுகோலைக் கீழே வைக்குமாறு பணிக்கப்பட்ட கிசான்ஜி. கைவிலங்கு பூண்ட கியோதென்.

தடுத்தவர் அழைத்தார், தடுக்கப்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்பதை வரலாறு எழுதி வைக்கவில்லை. சிரிப்பை அடக்கியவர்க்கும் இறுதியில் அதன் துணை தேவைப்பட்டது என்பதை அந்தச் சுருள்களே சொல்லுகின்றன. ஆனால் அந்த அழைப்பை ஏற்க ஹாருமாச்சி உயிரோடு இல்லை. அதிகாரத்தில் இருப்போர் தம்மைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொள்ளும் காலம் பெரும்பாலும் தாமதமாகவே வருகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஊர்ப் பொறுப்பிலும் நம் ஒவ்வொருவர் கையிலும் சிறிதளவு அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. நம்மைப் பார்த்து யாரேனும் உண்மையாகச் சிரிக்கும்போது, முகம் சிவப்பதற்கு முன், அந்தத் தினை உருண்டைக் கடையையும் ஹாருமாச்சியின் காற்றாடிகளையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நல்லது.